கை நனைக்காத ஊர்

மேசை நடுவில் ஒரு பீங்கான் கிண்ணம். அதில் கொஞ்சம் கல் உப்பு. கிண்ணத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் எங்கள் பெரியப்பா. இரண்டு பேருக்கும் முன்னால் ஆளுக்கொரு கும்பா கஞ்சி. அதில் ஒரு கல் உப்பு கூட இல்லை.

வெளியே தெருவில் போலீஸ் வண்டி ஒன்று ஒலிபெருக்கியில் ஏதோ சொல்லிக்கொண்டே போனது. சொன்னது தெலுங்கில். யாரும் வெளியே வரக் கூடாது என்பது மட்டும் மொழி தெரியாமலே புரிந்தது.

பெரியப்பா உப்பைப் பார்த்தார். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். தொடாதே என்று கண்ணாலேயே அதட்டினார்.

அந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்துக் கஞ்சியில் போட்டால் என் தங்கை லில்லிக்குக் கல்யாணம் நிச்சயம். போடாமல் எழுந்து வந்துவிட்டால் அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

அது எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சென்ற வாரம் இந்தப் பகுதியில் இடம் போதாமல் விட்டுப்போன என் மாமியாரின் விக்கலும் இதற்குள்ளேதான் வருகிறது.

குழாயடியில் எடுத்த முடிவு

எங்கள் அம்மா வீடு மேற்குத் தாம்பரத்தில். அப்பா ரயில்வே பட்டறையில் கலாசி. நான் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தேன். என் வீட்டுக்காரருக்குக் குரோம்பேட்டையில் தோல் கிடங்கில் வேலை.

மின்சார ரயில் வாசலில் நின்றாலும் எங்களுக்குப் பட்டணம் என்றால் பயம்தான். சைதாப்பேட்டை தாண்டினால் முந்தானை முடிச்சைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பாள் அம்மா. அவள் சென்ட்ரல் வரைக்கும் போனது வாழ்க்கையில் ஒரே தடவை. அன்றைக்கும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டே போய் ஜெபித்துக்கொண்டே திரும்பி வந்ததால், பட்டணம் எப்படி இருக்கும் என்று அவளுக்குக் கடைசி வரை தெரியாது.

இப்படிப்பட்ட வீட்டுக்கு செகந்திராபாத்திலிருந்து வரன் வந்தது. பையன் பெயர் டேவிட். அங்கே ரயில்வேயில் ஃபிட்டர். பூர்வீகம் அரக்கோணம் பக்கம். தகப்பன் இல்லை, தாயும் பிள்ளையும்தான். எங்கள் சபைப் போதகர் மூலமாகப் போட்டோவும் வந்தது. போட்டோவில் பையன் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பியவன் போல இருந்தான்.

வந்த நேரம்தான் சரியில்லை. அங்கே ஆந்திராவிலிருந்து பிரித்துத் தனி மாநிலம் கேட்டு மாணவர்கள் கிளர்ச்சி. பஸ்ஸைக் கொளுத்துகிறார்கள், துப்பாக்கிச் சூடு, ஊரடங்கு என்று தினம் பேப்பரில் வந்தது. பேப்பரில் வந்தது கொஞ்சம், குழாயடிக்கு வந்து சேர்ந்தது நிறைய.

"அந்த ஊர்ல தமிழ் பேசினா வெட்டுறாங்களாம்" என்றாள் ஒருத்தி.

"தமிழ் இல்லக்கா, ஆந்திரா தெலுங்கு பேசினாத்தான் வெட்டுறாங்களாம்" என்றாள் இன்னொருத்தி.

"அப்ப இன்னாதான் பேசறது?"

"வாயே தொறக்காம இருக்கணும்."

"அப்ப நம்ம எஸ்தரை அனுப்புங்க. அவ இங்கயே வாய் தொறக்க மாட்டா."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்க்க யாரை அனுப்புவது என்று அவள் ஒரு வாரமாகத் தவித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் ஆண் துணைக்குப் பெரியப்பா. அடுப்படியைப் பார்த்துவர நான். அப்படித்தான் முடிவானது.

பெரியப்பா லெவல் கிராசிங்கில் கேட் கீப்பராக இருந்து ரிடையர் ஆனவர். ஆயுசு முழுக்க ஜனங்களை நிறுத்தி வைத்துப் பழக்கப்பட்டவர். வழக்கம், முறை என்று ஆரம்பித்தால் அவரைத் தாண்டி ஒரு மாட்டு வண்டி கூடப் போக முடியாது.

உப்பும் விக்கலும்

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசி முடிகிற வரைக்கும் இந்த வீட்டார் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சில பேர் டீ, காபி, வாழைப்பழம் வரைக்கும் விட்டுக் கொடுப்பார்கள். இனிப்புக்குத் தடை இல்லை. உப்புதான் கணக்கு. ஒரு வீட்டு உப்பை நாக்கில் வைத்தபிறகு அந்த வீட்டை வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

என் மாமியார் இதில் இன்னும் ஒருபடி மேல். என்னைப் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதுமே அவருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அன்றைக்குப் பேசிய பேச்செல்லாம் விக்கலோடுதான். "பொண்ணு எத்தினி" விக், "கிளாஸ் படிச்சிருக்கு?" அஞ்சு என்று சொல்லவேண்டியவள் நான். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். ரொம்ப அடக்கமான பெண் என்று அவருக்குப் பிடித்துப்போயிற்று. கடைசியில், "சரி, தண்ணி குடும்மா" என்றார். அதுதான் என் கல்யாணப் பேச்சு. ஒரே மூச்சில் ஒரு செம்பையும் காலி செய்தார். விக்கல் நின்றது, நானும் அந்த வீட்டு மருமகளானேன்.

அதனால்தான் செகந்திராபாத் புறப்படும்போது பெரியப்பா எனக்குச் சட்டம் போட்டார். காலையில் இறங்கி சாயங்கால ரயிலில் ஏறிவிட வேண்டும். ராத்தங்கல் கிடையாது. தெருவில் நடமாட்டம் கிடையாது. சங்கிலியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். உப்பு நாக்கில் படக் கூடாது.

"அந்த ஊரைப் பார்த்தாலே எனக்குப் பேஜாரா கீது. போறது மரியாதைக்கு. ஜெபிச்சிட்டுச் சொல்றோம்னு சொல்லிட்டு வந்துகினே இருப்போம்" என்றார்.

எங்கள் ஜனங்களுக்குள் இது தெரியும். 'ஜெபிச்சிட்டுச் சொல்றோம்' என்றால் வேண்டாம் என்று அர்த்தம். வேண்டும் என்றால் ஜெபிக்காமலே சொல்லிவிடுவார்கள்.

ஆக, பார்ப்பதற்கு முன்பே பெரியப்பா கேட்டை இறக்கிவிட்டார்.

லில்லி கேட்டது

தாம்பரம் ஸ்டேஷனுக்கு லில்லி வழியனுப்ப வந்தாள். பெரியப்பா டிக்கெட் வாங்கப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் எப்போதும் தையல் மிஷின் எண்ணெய் வாசனை இருக்கும்.

"அக்கா, அடுப்படி எப்படி இருந்தாலும் நான் சமாளிச்சுக்குவேன். அந்த ஆளு நெஜம் பேசுறாரான்னு மட்டும் பார்த்துட்டு வா."

"பெரியப்பா பார்ப்பாரு."

"பெரியப்பா பேசுவாரு. நீதான் பார்ப்பே. நீ சரின்னா எனக்குச் சரி."

என்னிடம் அதுவரைக்கும் ஒருவரும் எதற்கும் சம்மதம் கேட்டதில்லை. கத்தரிக்காயா வெண்டைக்காயா என்றுகூட வீட்டில் கேட்டதில்லை. ரயில் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

ஜன்னல் இடுக்கு

செகந்திராபாத் ஸ்டேஷனில் பயணிகளைவிடப் பட்டாளத்துக்காரர்கள் அதிகம். டேவிட் ரயில்வே பாஸை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காலையில் காய்கறி வாங்கக் கொஞ்ச நேரம் ஊரடங்கைத் தளர்த்தியிருந்தார்கள். அதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

லைன் ஓரமாகவே நடந்தோம். சாத்தின கடைகள், ரோட்டில் செங்கல் துண்டுகள், எரிந்து கரியாகிப்போன ஒரு பஸ். அதன் மேல் ஒரு காக்கா உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. பெரியப்பா வாயே திறக்கவில்லை. குழாயடியில் சொன்னது அவருக்கும் நினைவு இருந்திருக்கும்.

ரயில்வே குவார்ட்டர்ஸ். முன்னால் தெரு, பின்னால் சின்ன முற்றம். ஒரு ஹால், ஓர் அறை, சமையல்கட்டு. சுவரில் ஒரு காலண்டர், அதில் சார்மினார் படம். டேவிட்டின் அம்மா ஒல்லியான மனுஷி. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, "வாங்கண்ணா, வாம்மா கண்ணு" என்றார். உள்ளே கோழிக் குழம்பு கொதிக்கிற வாசனை ஹால் வரைக்கும் வந்து எங்களைக் கூப்பிட்டது.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "தங்கச்சிம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. பேச்சு முடியற வரைக்கும் கை நனைக்கறது இல்லைன்னு எங்க வழக்கம்."

"தெரியுங்கண்ணா. எங்க பக்கமும் அதேதான்" என்று அந்த அம்மா சக்கரை போட்ட டீ மட்டும் கொண்டுவந்து வைத்தார். கோழிக் குழம்பை மூடிவைத்த சத்தம் எனக்குக் கேட்டது.

பெரியப்பா டேவிட்டைக் கேட்டார். "ஊரு எப்படி தம்பி? வெளியூர்ல பேசிக்கிற மாதிரி ஒண்ணும் பயம் இல்லியே?"

பெண் கேட்கிற எந்தப் பையனும் அதற்கு ஒரே பதில்தான் சொல்வான்.

டேவிட் கொஞ்சம் யோசித்தார். "பயம்தாங்க ஐயா. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது கால் நடுங்கும். இது எப்ப அடங்கும்னு எனக்குத் தெரியலை. அடங்குற வரைக்கும் கல்யாணத்தைத் தள்ளி வெச்சாலும் சரிதான்."

பெரியப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. பயப்படுகிறவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று அவர் யோசித்தார். எனக்கு லில்லியின் கை நினைவு வந்தது.

அதற்குள் தூரத்தில் ஏதோ வெடிக்கும் சத்தம். தெருவில் ஆட்கள் ஓடினார்கள். தளர்த்திய ஊரடங்கை நேரத்துக்கு முன்பே இறுக்கிவிட்டார்கள். டேவிட் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

பெரியப்பா ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செகந்திராபாத்தில் அவர் பார்த்ததெல்லாம் அந்த இடுக்கு வழியாகத் தெரிந்த ஒரு லைட் கம்பமும் ஒரு நாயும்தான். தாம்பரம் வந்தபிறகு சார்மினாரின் ஒவ்வொரு படியையும் ஏறியவர் மாதிரி எல்லாருக்கும் வர்ணித்தார். காலண்டரை அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார்.

கஞ்சி

மதியம் வந்தது. பெரியப்பாவின் வயிறு பேசியது அடுத்த அறைக்கும் கேட்டிருக்கும். டேவிட்டின் அம்மா எங்களுக்கு முன்னால் இரண்டு கும்பாக்களைக் கொண்டுவந்து வைத்தார். நடுவில் அந்தப் பீங்கான் கிண்ணம்.

"கஞ்சியில உப்பு போடலைண்ணா. கிண்ணம் இங்க இருக்கு. மனசு வந்தா போட்டுக்குங்க, வரலைன்னா சும்மா குடிங்க. பசிக்கு வழக்கம் தெரியாதில்ல."

நான் முதலில் சொன்ன இடம் இதுதான்.

பெரியப்பா உப்பில்லாக் கஞ்சியைக் கஷாயம் குடிக்கிறவர் போலக் குடித்தார். எதிரில் இருந்தால் ஆசை வந்துவிடும் என்று கிண்ணத்தை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். நான் நடுவுக்கே தள்ளி வைத்தேன். நானும் உப்பில்லாமலே குடித்து முடித்தேன். கும்பாக்களைக் கழுவ எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். 

பின்சுவர்

தெருப் பக்கம் செத்துக் கிடந்த அந்த ஊர், பின்பக்கம் விழித்துக்கொண்டிருந்தது.

வரிசையாகக் குவார்ட்டர்ஸ். ஒவ்வொரு முற்றத்துக்கும் நடுவே ஆள் உயரச் சுவர். சுவருக்கு மேலே கைகள். கிண்ணம், டம்ளர், முறம், கொத்தமல்லிக் கட்டு என்று ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. டேவிட் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று இந்தப் பக்கத்திலிருந்து வாங்கி அந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடைக்கோடி வீட்டில் கைக்குழந்தைக்குப் பால் இல்லையாம். நாலாவது வீட்டுச் சாயபு அம்மாவின் ஆட்டுப்பால் ஒரு சொம்பில் சுவர் சுவராகத் தாண்டிப் போனது. அந்தச் சொம்பு சும்மா திரும்பவில்லை. அதில் நாலு எலுமிச்சம்பழம் வந்தது. அதில் ஒன்று எங்கள் சுவரில் இறங்கியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. வளையல் சத்தத்தை வைத்தே இன்னார் என்று தெரிந்துகொண்டார்கள்.

நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சுவருக்கு மேலே பச்சை வளையல் போட்ட ஒரு கை வந்தது. கையில் காலி டம்ளர். இன்னொரு கை கரண்டியை ஆட்டியது.

"அம்மா, கொஞ்செம் உப்பு."

அந்த ஊரில் எனக்கு முழுசாகப் புரிந்த முதல் பேச்சு.

சமையல்கட்டில் தேடினேன். உப்பு ஜாடி காலி. கடை திறக்காத ஊரில் மிச்சம் இருந்ததை வழித்துத்தான் அந்த அம்மா எங்களுக்குக் கிண்ணத்தில் வைத்திருக்கிறார். ஹாலுக்குப் போனேன். பெரியப்பா ஜன்னல் இடுக்கில் இருந்தார். கிண்ணத்தை எடுத்துவந்து பாதிக்கு மேல் அந்த டம்ளரில் கொட்டினேன். பச்சை வளையல் சந்தோஷமாக ஏதோ சொல்லிவிட்டு மறைந்தது. அடுப்பில் பருப்பு கொதிக்கிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

திரும்பினால் கல்லின் மேல் டேவிட். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.  மிச்ச உப்போடு கிண்ணத்தை மேசை நடுவிலேயே கொண்டுபோய் வைத்தேன்.

மாங்காய் பப்பு

சாயங்காலத்துக்கு முன்னால் சுவர் மேல் ஒரு பித்தளைக் கிண்ணி வந்தது. மாங்காய் போட்ட பருப்பு. நெய்யில் மிளகாய் வற்றலும் பூண்டும் தாளித்தது. வாசனை வந்ததும் பெரியப்பா ஜன்னலை விட்டு எழுந்துவிட்டார்.

"இது எங்கேந்து வந்துது?"

"பக்கத்து வீட்டுல குடுத்தாங்கண்ணா" என்றார் டேவிட்டின் அம்மா.

"உங்க அடுப்புல வெந்தது இல்லியே?"

"இல்லண்ணா."

பெரியப்பா மேலே பார்த்தார். ரயில் வருகிறதா இல்லையா என்று யோசிக்கும்போது அப்படித்தான் பார்ப்பார். "சோறு உங்களுது. அதுல உப்பு இல்ல. பருப்பு வேற வூட்டுது. அப்ப வழக்கம் ஒண்ணும் கெடலை. சோத்தைப் போடுங்க."

வேக வேகமாக உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். சோறு வந்தது, பருப்பு வந்தது. பெரியப்பா பிசைய ஆரம்பித்தார்.

டேவிட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சும்மா இருந்தால் பெண் கிடைக்கும். ஆனாலும் வாயைத் திறந்துவிட்டார்.

"ஐயா, சாப்பிடறதுக்கு முன்னால ஒரு விஷயம். அந்தப் பருப்புல..."

லில்லி கேட்டதற்கு எனக்கு அங்கே பதில் கிடைத்துவிட்டது.

"பெரியப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைங்க தம்பி" என்றேன்.

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அது. டேவிட் என்னைப் பார்த்தார். பெரியப்பாவும் நிமிர்ந்து பார்த்தார். ஆனால் கவளம் கையில் இருந்தது, அது முதலில் வாய்க்குப் போயிற்று.

நானும் ஒரு வாய் எடுத்து வைத்தேன். தெரிந்துதான் வைத்தேன். புளிப்பு, காரம், நெய், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த வீட்டு உப்பு.

பெரியப்பா இன்னொரு தரம் சோறு கேட்டார். அப்புறமும் கேட்டார். கிண்ணியைச் சாய்த்து வழித்தார். விரல் ஒவ்வொன்றாகச் சப்பி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன்.

"பெரியப்பா, பருப்பு அவங்களுது. அதுல போட்ட உப்பு இந்த வீட்டுது. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

டேவிட்டின் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பெரியப்பா தன் கையைப் பார்த்தார். கிண்ணத்தில் உப்பு குறைந்திருப்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஆனால் எழுந்து போகவில்லை.

வெளியே திரும்பவும் அந்த வண்டி கத்திக்கொண்டு போனது. 

"தங்கச்சிம்மா" என்றார் கடைசியில். "மோர் கீதா?"

"இருக்குங்கண்ணா."

"கொண்டாங்க. அந்த மிச்ச உப்பையும் இப்படித் தள்ளுங்க. அப்படியே காலைல மூடி வெச்சீங்களே, அந்தக் கோழியை ஏன் சும்மா வெச்சுகினு கீறீங்க?"

இருட்டுவதற்குள் டிக்கெட் வைத்திருந்தவர்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக ரயில்வே வண்டி ஒன்று வந்தது. ஊரின் மற்ற பக்கம் எதையும் நான் பார்க்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் செகந்திராபாத் என்றால் எனக்கு ஒரு பின்சுவரும் பச்சை வளையலும்தான்.

மறுநாள் தாம்பரத்தில் இறங்கினால் லில்லி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பெரியப்பா நேராகப் பழக்கடைப் பக்கம் நடந்தார். வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதாம், நல்ல காரியம் பேசி வந்திருக்கிறோமாம்.

"அந்த ஆளு எப்படிக்கா?" என்றாள் லில்லி.

"பயப்படுறாரு. அதை மறைக்கத் தெரியலை."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கேட்டாள். "பெரியப்பா என்ன சொன்னாரு? ஜெபிச்சிட்டுச் சொல்றேன்னாரா?"

"இல்ல" என்றேன். "மூணு தரம் சோறு வாங்கினாரு."